ஏரிக்கொரு நிறம், ஏரிக்கொரு சட்டம்

டாலஸ் பக்கம் புதிதாகத் தூண்டில் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கிராப்பிக்கு என்ன கலர் போடணும்?" கிராப்பி இங்குள்ள ஏரிகளில் கிடைக்கும் நன்னீர் மீன்; கலர் என்பது தூண்டிலில் மாட்டும் செயற்கை இரையின் நிறம். நான் பதிலுக்குக் கேட்பேன், "எந்த ஏரிக்குப் போறீங்க?" அதைச் சொல்லாமல் நிறம் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், எந்த அளவு மீனைத் திரும்ப விட வேண்டும் என்ற கேள்விக்கும் ஏரியின் பெயர் தெரியாமல் பதில் இல்லை. டெக்சாஸில் ஒரு ஏரிக்கும் ஒன்றரை மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும் அடுத்த ஏரிக்கும் தண்ணீரும் வேறு, விதியும் வேறு. நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் விதியைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் மீனைப் பற்றிச் சுருக்கமாக. கிராப்பியில் வெள்ளை, கறுப்பு என்று இரண்டு இனம். நிறத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் குழம்பும். கலங்கிய ஏரியில் கறுப்பு கிராப்பியும் வெளுத்துத் தெரியும். முட்டையிடும் காலத்தில் வெள்ளை கிராப்பியின் ஆண் கறுத்துப் போகும். முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் இருக்கும் முட்களை எண்ணுவதுதான் நம்பகமான வழி. வெள்ளையில் ஐந்து அல்லது ஆறு, கறுப்பில் ஏழு அல்லது எட்டு. நம் தட்டுக்கு வரும் மீன் பெரும்பாலும் ஒரு பவுண்டுக்கு முன்னே பின்னே. உலகச் சாதனை மீன்களே ஐந்து பவுண்டைக் கொஞ்சம் தாண்டியவைதான்: வெள்ளையில் 1957இல் மிசிசிப்பியின் ஈனிட் அணைக்கட்டில் பிடித்த 5 பவுண்டு 3 அவுன்ஸ், கறுப்பில் 2018இல் டென்னசியில் பிடித்த 5 பவுண்டு 7 அவுன்ஸ். ஆக, இது எடைக்காகப் பிடிக்கும் மீன் இல்லை. ருசிக்காகப் பிடிப்பது. வெள்ளைச் சதை, வாடை குறைவு, கூட்டமாக இருக்கும். ஒன்று கிடைத்த இடத்தில் இன்னும் கிடைக்கும்.

கடைக்குள் போனால் ஒரு சுவர் முழுக்க ஜிக் தொங்கும். ஜிக் என்றால் தலைப்பகுதியில் சின்ன ஈயக்குண்டு வார்த்த முள். அதன் மேல் ஒன்றரை இரண்டு அங்குல நீளத்தில் ரப்பர் மாதிரி ஒரு பிளாஸ்டிக் உடல், அல்லது இறகு. பெயர்களைப் பார்க்க வேண்டும்: மங்கி மில்க், எலக்ட்ரிக் சிக்கன், ப்ளூ ஐஸ். பெயர் வைத்தவர் யாரோ நல்ல ரசனைக்காரர். எலக்ட்ரிக் சிக்கன் என்பது இளஞ்சிவப்பும் சார்ட்ரூஸும் சேர்ந்தது. சார்ட்ரூஸ் தெரியாதவர்களுக்கு: புது டென்னிஸ் பந்தின் நிறம். அமெரிக்காவில் கிராப்பி பிடிப்பவர்களின் பெட்டியில் இந்த ஒரு நிறம் இல்லாமல் இருக்காது.

கடைச்சுவரில் பார்க்கும் நிறம் தண்ணீருக்குள் அதே நிறமாக இருப்பதில்லை. நிறத்தைப் பற்றி முதலில் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதுதான். தெளிந்த தண்ணீர் சிவப்பு ஒளியை முதலில் உறிஞ்சிவிடும். இருபது அடி ஆழத்துக்கு இறக்கிய சிவப்பு ஜிக் அங்கே மங்கிய சாம்பல், இன்னும் கீழே போனால் கறுப்பு. நீலமும் பச்சையும்தான் ஆழம் வரை போகும். கலங்கிய தண்ணீரில் கதை வேறு. களிமண் துகள்கள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கும். சில அடிகளிலேயே வெளிச்சம் சுருங்கிவிடும். அங்கே நிறம் என்பதைவிட, பின்னணியிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்பதுதான் முக்கியம். மூன்றாவது வகை ஒன்று உண்டு: இலை தழை, மரப்பட்டை ஊறிப் பழுப்பேறிய தண்ணீர். அது நீல ஒளியைத் தின்றுவிடும். மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும்தான் மிஞ்சும்.

ஃப்ளோரசன்ட் நிறங்கள் இந்தக் கணக்கில் கொஞ்சம் விதிவிலக்கு. சாதாரணச் சிவப்பு, சிவப்பு ஒளி இருந்தால்தான் சிவப்பாகத் தெரியும். ஃப்ளோரசன்ட் சாயம் நீலம், பச்சை, புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு தன் நிறத்தைத் தானே வெளியிடும். அதனால்தான் பளிச் சார்ட்ரூஸும் பளிச் இளஞ்சிவப்பும் மங்கலான தண்ணீரிலும் எடுபடுகின்றன. வெளிச்சமே இல்லாவிட்டால் அதுவும் எடுபடாது என்பது வேறு விஷயம்.

சரி, மீன் என்ன பார்க்கிறது? இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அது கிராப்பி மேல் செய்ததல்ல, அதே குடும்பத்தைச் சேர்ந்த லார்ஜ்மவுத் பாஸ் மீன் மேல் செய்தது. அந்த மீனின் கண்ணில் நிறம் காட்டும் செல்கள் இரண்டே வகை, ஒன்று பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு. நமக்கு மூன்று வகை. குறிப்பிட்ட நிறத்தைத் தொட்டால் இரை கிடைக்கும் என்று மீன்களைப் பழக்கினார்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் பழக்கியவை தடுமாறாமல் சரியாகப் போயின. சார்ட்ரூஸுக்குப் பழக்கியவை அதையும் வெள்ளையையும் பிரித்தறியத் திணறின. நீலத்துக்குப் பழக்கியவை அதைக் கறுப்போடு குழப்பிக்கொண்டன. பாஸுக்கு உள்ளது அப்படியே கிராப்பிக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இதைப் படித்த பிறகு என் பெட்டி பாதியாகச் சுருங்கியது. கருநீலம், கருஊதா, கறுப்பு என்று மூன்று பாக்கெட் வைத்திருந்த இடத்தில் இப்போது கறுப்பு மட்டும். வெள்ளையா சார்ட்ரூஸா என்று படகில் உட்கார்ந்து வாதம் செய்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

இனி ஏரிகளுக்கு வருகிறேன். என் வீட்டிலிருந்து பக்கம் லேவன் ஏரி, காலின் கவுண்டியில். டிரினிட்டி ஆற்றின் கிழக்குக் கிளையில் கட்டிய நீர்த்தேக்கம். சுற்றுவட்டார ஊர்களுக்குக் குடிநீர் தருவது. சுற்றிலும் கரிசல் களிமண். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே தண்ணீர் பால் ஊற்றின காபி நிறத்துக்கு வந்துவிடும். இங்கே நான் போடுவது கறுப்பு உடல், சார்ட்ரூஸ் வால். கறுப்பு ஒரு நிழலுருவமாகத் தெரியும், வால் பளிச்சென்று ஆடும். இரண்டு நிறம் சேர்ந்த ஜிக்குக்கு இருக்கும் சௌகரியம் இதுதான். ஒன்று மறைந்தாலும் மற்றொன்று தெரியும். ஒற்றை நிற ஜிக் லேவனில் எனக்கு அவ்வளவாகச் சரிப்பட்டதில்லை.

டெக்சோமா வேறு உலகம். ரெட் ரிவரின் குறுக்கே டெனிசன் அணை கட்டியதால் உருவானது. ஒரு பகுதி டெக்சாஸ், பெரும்பகுதி ஓக்லஹோமா. ஒரே ஏரிக்குள்ளேயே இரண்டு தண்ணீர். மேற்கே ஆறு வந்து சேரும் கிளையில் மழைக்குப் பிறகு செந்நிறக் கலங்கல். அணைப் பக்கம் வந்தால் தெளிவு. தெளிந்த பக்கம் பளிச் நிறங்கள் மீனை மிரட்டுவது போலத் தோன்றுகிறது எனக்கு. அங்கே இருப்பது ஷாட் என்ற வெள்ளிநிறக் குட்டி மீன். கிராப்பியின் அன்றாடச் சாப்பாடு அது. அதற்குப் பக்கத்தில் வருகிற மாதிரி வெள்ளை, சாம்பல், உள்ளே மினுமினுப்புத் தூள் கலந்த கண்ணாடி நிறம் போடுவேன். மங்கி மில்க் என்ற அந்த விசித்திரப் பெயர்க்காரர் இந்த இடத்துக்குத்தான் லாயக்கு.

கிழக்கே லூசியானா எல்லையில் கேடோ ஏரி. சைப்ரஸ் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கும், கிளைகளில் பாசி தாடி தொங்கும். தண்ணீர் கலங்கல் இல்லை, ஆனால் பழுப்பு. நீல மினுமினுப்பு போட்ட ஜிக் இங்கே வீண். நீல ஒளி வந்தால்தானே மினுங்குவதற்கு? ஆரஞ்சுத் தலை, பொன்னிற உடல், அல்லது சார்ட்ரூஸ். மரத்தின் அடித்தண்டை ஒட்டி இறக்க வேண்டும். எனக்குப் பிடித்த ஏரி இதுதான், ஆனால் போய்வர ஒரு முழு நாள் போய்விடும்.

ஏரியின் பெயர் தெரிந்தாலும் அன்றைய தண்ணீர் எப்படி என்று பார்த்தே ஆக வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வெள்ளை ஜிக் ஒன்றைப் படகின் நிழல் பக்கமாக மெதுவாக இறக்குங்கள். எந்த ஆழத்தில் கண்ணை விட்டு மறைகிறது? ஒரு அடிக்குள் மறைந்தால் கறுப்பும் சார்ட்ரூஸும். நான்கைந்து அடி வரை தெரிந்தால் ஷாட் நிறங்கள். இடைப்பட்டதாக இருந்தால் இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்ததில் ஆரம்பித்து, அரை மணியில் எதுவும் கடிக்காவிட்டால் மாற்றுங்கள். விடியற்காலையும் அந்தி மங்கலும் தெளிந்த தண்ணீரைக்கூடக் கலங்கல் தண்ணீர் கணக்கில் சேர்த்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் ஏற ஏற பளிச் நிறத்திலிருந்து அடக்கமான நிறத்துக்கு மாற வேண்டும்.

ஆனால் கடிக்கவில்லை என்றவுடன் நிறத்தை மாற்றுவதற்கு முன் மூன்று விஷயம் இருக்கிறது. ஆழம் முதலாவது. கிராப்பியின் கண் தலையில் சற்று மேலே அமைந்திருக்கும். தனக்கு மேலே போகும் இரையைத்தான் அது ஏறி வந்து பிடிக்கும். கீழே இருப்பதைக் குனிந்து எடுப்பது அரிது. மீன் பன்னிரண்டு அடியில் இருக்கிறது என்று சோனார் காட்டினால், பதினொன்றில் நிறுத்துங்கள். பதின்மூன்றில் என்ன நிறம் தொங்கினாலும் ஒன்றுதான். இரண்டாவது விழும் வேகம். பதினாறில் ஒரு பங்கு அவுன்ஸ் ஜிக் இறங்கும் வேகம் பிடிக்காமல் விலகுகிற மீன், முப்பத்திரண்டில் ஒரு பங்கு ஜிக் மெதுவாக மிதந்து இறங்கினால் பிடித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் இது அடிக்கடி நடக்கும். மூன்றாவது அளவு. இத்தனையும் பார்த்த பிறகுதான் நிறம். நரம்பு நான்கு அல்லது ஆறு பவுண்டு தாங்கும் மெல்லியதாக இருக்கட்டும். இழுப்பு தெரிந்ததும் வெட்டி இழுக்கக் கூடாது. கிராப்பியின் வாய்ச்சவ்வு மெல்லியது, கிழிந்துவிடும். தடியை நிதானமாக உயர்த்தினால் போதும்.

எங்கே தேடுவது என்பதற்கும் ஒரு வரி: தண்ணீர் 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் தொடும்போது, வட டெக்சாஸில் ஏறத்தாழ மார்ச்சிலும் ஏப்ரலிலும், கரையோரம் முட்டையிட வரும், மற்ற காலம் மூழ்கிய மரம், பாலத் தூண், படகுத்துறை நிழல். மாநில வனவிலங்குத் துறையே பல ஏரிகளில் கிளைக் குவியல்களை மூழ்கடித்து, இருக்கும் இடத்தை வலைத்தளத்தில் போட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் ஏரி முழுக்க அலைகிறவர்களை எனக்குப் புரிவதில்லை.

இப்போது சட்டம்.

டெக்சாஸ் முழுமைக்குமான பொது விதி: வெள்ளை, கறுப்பு இரண்டும் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கிராப்பி, ஒவ்வொன்றும் குறைந்தது 10 அங்குலம். லேவனுக்கு இதுதான். டெக்சோமாவுக்குப் போனால் எண்ணிக்கை 37. ஓக்லஹோமாவோடு பங்கு போட்டுக்கொள்ளும் ஏரி என்பதால் இரண்டு மாநிலத்துக்கும் ஒத்துப்போகும்படி வைத்திருக்கிறார்கள். உரிமமும் அங்கே கவனிக்க வேண்டியது. டெக்சாஸ் உரிமத்தோடு ஓக்லஹோமா பக்கத் தண்ணீருக்குப் படகை ஓட்டினால் அது செல்லாது. ஏரி முழுவதற்கும் செல்லுபடியாகும் டெக்சோமா உரிமம் என்று தனியாக ஒன்று விற்கிறார்கள். அடிக்கடி போகிறவர்கள் அதை எடுப்பது நல்லது. கேடோ மாதிரி லூசியானாவை ஒட்டிய ஏரிகளுக்கும் விதிப்புத்தகத்தில் தனி வரி உண்டு, அதைப் படிக்காமல் இறங்காதீர்கள்.

எல்லாவற்றிலும் விசித்திரமான விதி ஃபோர்க் ஏரிக்கு. டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம், 27,000 ஏக்கருக்கு மேல் பரப்பு, 1980இல் நிரப்பத் தொடங்கியது, நிரப்பும்போது மரங்களை வெட்டாமல் விட்டதால் தண்ணீருக்கடியில் ஒரு காடே நிற்கிறது. இங்கே டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி நாள் வரை கிராப்பிக்குக் குறைந்தபட்ச நீளம் கிடையாது. அதோடு முடியவில்லை. பிடிக்கிற ஒவ்வொரு கிராப்பியையும் வைத்துக்கொண்டே ஆக வேண்டும். ஆறு அங்குலக் குஞ்சு வந்தாலும் திரும்ப விடக் கூடாது. முதல் 25 மீன் எதுவோ அதுதான் உங்கள் கணக்கு. லேக் ஓ த பைன்ஸ் ஏரிக்கும் இதே விதி.

முதன்முதலில் கேட்கும்போது இது தலைகீழாகத் தோன்றும். சின்ன மீனை விட்டுவிடுவதுதானே நல்ல பழக்கம்? காரணம் மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையில் இருக்கிறது. குளிர்காலத்தில் ஃபோர்க்கின் கிராப்பி ஆழத்துக்குப் போய்விடும், நாற்பது அடியும் அதற்குக் கீழும். அங்கிருந்து சட்டென்று மேலே இழுத்தால் அழுத்தம் குறைந்து காற்றுப்பை ஊதிவிடும். நாம் தண்ணீரில் விட்டால் நீந்திப் போவது போலத் தெரியும், பிறகு செத்து மிதக்கும். பத்து அங்குல விதி இருந்தால் என்ன ஆகும்? இருபத்தைந்து பெரிய மீன் சேரும்வரை ஒருவர் நூறு சின்ன மீனை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருப்பார், அந்த நூறும் சாகும். அதற்குப் பதில் வருவதை எடுத்துக்கொண்டு சீக்கிரம் கரையேறு என்கிறது விதி. எனக்கு இது டெக்சாஸின் மீன்பிடி விதிகளிலேயே அறிவுள்ள விதி என்று தோன்றுகிறது. இரக்கப்பட்டுச் சின்ன மீனை விடுகிறவர் அங்கே சட்டத்தை மீறுகிறார், மீனையும் காப்பாற்றவில்லை.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம். குளிர்காலத்தில் ஃபோர்க்கில் எத்தனை மீன் வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொண்டு இறங்குங்கள். பன்னிரண்டு போதும் என்றால் பன்னிரண்டோடு தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். "சும்மா இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுப் பிடிச்சு விடலாம்" என்பது அங்கே நடக்காது. குஞ்சுகள் நிறைந்த கூட்டத்தில் மாட்டிக்கொண்டால், முதல் ஒன்றிரண்டு பார்த்ததுமே இடத்தை மாற்றுங்கள். நான் அந்த நேரத்தில் கொஞ்சம் பெரிய ஜிக் போடுவேன், குஞ்சுகள் கொஞ்சமாவது ஒதுங்கும் என்ற நம்பிக்கையில்.

ஃபோர்க்கைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கதை சொல்லாமல் விட முடியாது. டெக்சாஸின் லார்ஜ்மவுத் பாஸ் சாதனை 18.18 பவுண்டு. 1992 ஜனவரியில் பேரி செயின்ட் கிளேர் என்பவர் இந்த ஏரியில் பிடித்தது. அவர் அன்று பாஸ் பிடிக்கவே போகவில்லை; குட்டி மீனை இரையாகப் போட்டுக் கிராப்பி பிடித்துக்கொண்டிருந்தார். உங்கள் தூண்டிலிலும் பாஸ் வரும் என்பதற்காகச் சொல்கிறேன். ஃபோர்க்கில் பாஸுக்குத் தனி விதி: 16 முதல் 24 அங்குலத்துக்குள் இருப்பதை எடுக்கக் கூடாது. மூன்று பவுண்டு பாஸ் ஒன்று கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் கை துறுதுறுக்கும். விட்டுவிட வேண்டும்.

அளப்பதற்கும் முறை இருக்கிறது. மீனைத் தட்டையான அளவுப் பலகையில் வைத்து, வாயை மூடி, மூக்கு நுனி பூஜ்யத்தில் முட்ட, வாலின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து அதிகபட்ச நீளம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மீனை வளைத்துப் பிடித்து டேப் வைப்பது கணக்கில்லை. ஒருமுறை ஊரிலிருந்து வந்த மாமனாரைக் கூட்டிப் போயிருந்தேன். தாமிரபரணியில் வளர்ந்தவர், தக்கை ஆடுவதைப் பார்த்தே என்ன மீன் என்று சொல்லிவிடுவார். நான் பலகையை எடுத்ததும், "என்ன மாப்ள, இத்தனூண்டு மீனுக்கு ஸ்கேலா?" என்றார். ஒன்பதே முக்கால் அங்குலம். விட்டேன். "பொரிச்சா நல்லா இருந்திருக்குமே" என்று அன்று மாலை வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

படகுத்துறையில் ரேஞ்சர் உடையில் ஒருவர் நின்றிருந்தார். கேம் வார்டன், அதாவது மீன்பிடி விதிகளைச் சரிபார்க்கும் மாநில அதிகாரி. உரிமம், மீன் பெட்டி இரண்டையும் பார்க்க வேண்டும் என்றார். மரியாதையாகத்தான் பேசினார். மீன்களை ஒவ்வொன்றாக எண்ணினார், சின்னதாகத் தெரிந்த இரண்டைப் பலகையில் வைத்தார். பத்து அங்குலத்துக்கு மேல். "நல்ல நாள்தான் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த படகுக்குப் போனார். காரில் ஏறியதும் மாமா கேட்டார், "அந்த ஒன்பதே முக்கால் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பான் மாப்ள?" அபராதம் 25 டாலரிலிருந்து 500 வரை போகலாம், மீனுக்கான இழப்பீடும் தனியாகக் கேட்கலாம் என்றேன். அதைக் கையோடு ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "பொரிக்காததே நல்லது" என்றார்.

மாமாவுக்கும் உரிமம் எடுத்திருந்தேன். இதில்தான் நம் குடும்பங்கள் அதிகம் கோட்டை விடுகின்றன. 17 வயது ஆனவர்களுக்கு உரிமம் வேண்டும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து டெக்சாஸில் வசிப்பவர்கள் உள்ளூர்வாசி விலையில் வாங்கலாம். ஊரிலிருந்து விருந்தாக வரும் அப்பா அம்மாவுக்கு வெளியூர்க்காரர் உரிமம். ஒரு நாளுக்கு மட்டும் வாங்கும் வசதி உண்டு. "அவர் சும்மா தடியைப் பிடிச்சுட்டு நிக்கிறார், நான்தான் பிடிக்கிறேன்" என்ற சமாதானம் செல்லாது. தூண்டில் தண்ணீரில், தடி கையில் என்றால் அது மீன்பிடிப்புதான். அதேபோல உங்கள் 25 முடிந்த பிறகு மனைவியின் கணக்கில் நீங்கள் பிடிக்க முடியாது. அவர்தான் பிடிக்க வேண்டும்.

உரிமச் செலவே வேண்டாம் என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது: மாநிலப் பூங்காக்கள். டெக்சாஸ் ஸ்டேட் பார்க் எதிலும் கரையிலிருந்தோ மீன்பிடி மேடையிலிருந்தோ பிடிக்க உரிமம் தேவையில்லை. நுழைவுக் கட்டணம் மட்டும். ரே ராபர்ட்ஸ் ஏரியின் ஐல் டு புவா பகுதி, ஜோ பூல் ஏரிக்கரையில் இருக்கும் சீடர் ஹில் பூங்கா, டவாக்கோனி ஏரிப் பூங்கா எல்லாம் டாலஸிலிருந்து பக்கம். ஆனால் எண்ணிக்கையும் நீளமும் அங்கேயும் பொருந்தும். படகில் ஏறினாலோ பூங்காவுக்கு வெளியே கரையில் நின்றாலோ உரிமம் வேண்டும். ஜூன் முதல் சனிக்கிழமை மாநிலம் முழுவதும் இலவச மீன்பிடி நாள். அன்று எங்கேயும் உரிமம் கேட்க மாட்டார்கள். பிள்ளைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு நல்ல நாள், கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால்.

மீனை ஏரியிலேயே வெட்டிக் கழுவி எடுத்துப் போகும் பழக்கம் நம்மிடம் உண்டு. தண்ணீரில் இருக்கும்வரை அதைச் செய்யாதீர்கள். நீள வரம்பு உள்ள மீனைத் தலையும் வாலும் முழுதாகக் கரை சேர்க்க வேண்டும். துண்டு போட்டுவிட்டால் எத்தனை அங்குலம் இருந்தது என்று யார் சொல்வது? ஐஸ் பெட்டியில் முழுதாக வையுங்கள். சதையும் அதனால் கெடாது.

இன்னொன்று படகு வைத்திருப்பவர்களுக்கு. வரிச்சிப்பி, அதாவது ஸீப்ரா மஸல், 2009இல் டெக்சோமாவில் தென்பட்டது. விரல் நகம் அளவுதான், ஆனால் குடிநீர்க் குழாய்களை அடைத்துவிடும், படகு எஞ்சினைக் கெடுக்கும். அங்கிருந்து ரே ராபர்ட்ஸ், லூயிஸ்வில் என்று பரவிவிட்டது. இதன் முட்டைப்புழு கண்ணுக்குத் தெரியாது, படகில் தேங்கிய ஒரு குவளைத் தண்ணீரில் பயணம் செய்யும். அதனால் ஏரியை விட்டுக் கிளம்பும்போது படகு, மீன் தொட்டி, இரை வாளி எல்லாவற்றிலும் உள்ள தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது மாநிலம் முழுவதுக்குமான சட்டம். உயிருள்ள இரை மீன் கடையில் வாங்கினால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், கேட்பார்கள். கயாக்கில் போகிறவர்களுக்கும் இதேதான்.

விதிகள் செப்டம்பர் 1இல் புதுப்பிக்கப்படும். பெரும்பாலான உரிமங்களும் ஆகஸ்ட் 31இல் காலாவதி ஆகும், எப்போது வாங்கியிருந்தாலும். அதனால் நான் ஜூலையில் வருட உரிமம் வாங்க வேண்டாம் என்று புதியவர்களிடம் சொல்வேன். வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும் உரிமம் தனியாக உண்டு, விலை கொஞ்சம் கூட. வருடக் கடைசியில் ஆரம்பிப்பவர்களுக்கு அதுதான் லாபம். மாநில வனவிலங்குத் துறையின் அவுட்டோர் ஆனுவல் என்ற கையேடு செயலியாகவும் கிடைக்கிறது. அதில் ஏரியின் பெயரைத் தேடிப் பாருங்கள். மேலே நான் எழுதியதற்கும் அதில் இருப்பதற்கும் வேறுபாடு வந்தால் அதை நம்புங்கள், என்னை வேண்டாம். பல ஏரிக்கரைகளில் கைபேசி சிக்னல் இருக்காது என்பதால் கிளம்பும் முன்பே அந்தப் பக்கத்தைத் திறந்து படம் எடுத்துக்கொள்வேன். உண்ணத்தகுந்த அளவு பற்றிய எச்சரிக்கைகளைச் சுகாதாரத் துறை தனியாக வெளியிடுகிறது. கேடோவில் லார்ஜ்மவுத் பாஸுக்கும் டிரம் மீனுக்கும் பாதரச எச்சரிக்கை இருக்கிறது. வீட்டில் சின்னக் குழந்தைகளோ கர்ப்பிணிகளோ இருந்தால் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பெட்டியில் என்ன வைப்பது என்று இன்னும் கேட்பவர்களுக்கு: கறுப்பு-சார்ட்ரூஸ், இளஞ்சிவப்பு-வெள்ளை, மினுமினுப்பு போட்ட ஷாட் நிறம் ஒன்று, கேடோ பக்கம் போவதாக இருந்தால் ஆரஞ்சுத் தலை ஒன்று. பதினாறில் ஒரு பங்கும் முப்பத்திரண்டில் ஒரு பங்கும் ஜிக் தலைகள். அளவுப் பலகை. உரிமம். சமையலுக்கு மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை போதும். இந்த மீனுக்கு மசாலா அதிகம் போட்டால் மீன் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.